ஆணியில் தொங்கிய பொத்தான்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலோரத்து மர நாற்காலியில் ஃபைல் சார், மடியில் நீலக் கோப்போடு. சமையலறை வாசலை ஒட்டிய முக்காலியில் அவர் மனைவி, யாராவது ஏதாவது கேட்டால் எழுந்து உள்ளே போய்விடலாம் என்கிற தோதில், பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும். தெருக்கதவுக்கு நேர் எதிரே சோபாவின் மூலையில் மகள். மாவுக்கட்டு போட்ட இடது கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி. கதவுக்கு உள்பக்கம், சுவரில் சாய்ந்து நின்றபடி எதிர் வீட்டு பஸ் டிரைவர். பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்ட், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று சொல்லிவிட்டார். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அலாரக் கம்பெனி மெக்கானிக், மடியில் லேப்டாப்.

வந்தவர்கள் பெயரையும் நேரத்தையும் ஃபைல் சார் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருந்தவர். வருகிற கடிதத்துக்கு எண் போட்டு, போகிற கடிதத்துக்கு நகல் வைத்து, எழுத்தில் இருப்பது மட்டும்தான் நடந்தது, எழுத்தில் இல்லாதது நடக்கவேயில்லை என்று நம்பப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு தெருவே அவரை ஃபைல் சார் என்றது. அதில் கிண்டல் இருப்பது அவருக்குத் தெரியும். மரியாதையும் கொஞ்சம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

மெக்கானிக் வந்தது அவர் எழுதிய கடிதத்துக்காக. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியளவில் வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தும் தங்கள் கருவி ஒலிக்கவில்லை, காரணம் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார். வெளியாள் என்றுதான் எழுதியிருந்தார். அந்த வெளியாளுக்கு நாலு வருடத்துக்கு முன்பு மாலை போட்டு வரவேற்றதும் அவர்தான்.

மகள் ஜனவரியில் ஒரு பையோடு வந்து சேர்ந்தபோது, இனி அங்கே போக மாட்டேன் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை. கழுத்தில் இருந்த தடம் மீதியைச் சொன்னது. ஃபைல் சார் ஒரு வாரத்தில் அலாரம் பொருத்தினார். கதவுகளுக்கு, ஜன்னல்களுக்கு, கொல்லைப்பக்கக் கிரில்லுக்கு. வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று ரகசிய எண்கள். ஆபத்தென்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து பாதுகாப்பு விதிகள் என்று பதினான்கு எழுதி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கருவிக்குப் பக்கத்திலும் ஒன்றைக் குளிர்பெட்டி மேலும் ஒட்டினார். ஒன்று கோப்புக்கு. கேஸ்காரர், மீட்டர் பார்ப்பவர், பார்சல் கொண்டுவருபவர் எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. யார் வந்தால் எந்தக் கதவு, சங்கிலியைப் போட்டபடியா, எடுத்துவிட்டா, எல்லாம்.

மகள் அதை நின்று படித்தாள். "எல்லாரும் இருக்காங்க. அவன் பேரை எங்கேயும் காணோமேப்பா" என்றாள்.

அதெல்லாம் எழுத்தில் வேண்டாம் என்றார் அவர். நாளைக்கே சமாதானமாகிப் போனால், சுவரில் ஒட்டியிருப்பதை யார் பார்த்தாலும் அசிங்கம். சொன்னால் போதாதா, நாம் மூன்று பேர்தானே, தெரியாதா நமக்கு.

மெக்கானிக் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். "மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். செவ்வா பதினொண்ணு நாலுக்கு உள்ளேயிருந்து ஆஃப் பண்ணியிருக்காங்க. ரெண்டாம் நம்பர். அது யாரு?"

ஒன்றாம் எண் அவருடையது. அந்த நேரத்தில் அவர் தபால் நிலைய வரிசையில் நின்றிருந்தார். மூன்றாம் எண் மகளுடையது. அவள் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள் மனைவி. எழுந்து உள்ளே போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டால் அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மாப்பிள்ளை கையில் பழப் பையோடு வாசலில் நின்றாராம். ஆள் பாதியாய் இளைத்துப் போயிருந்தாராம். அத்தை, ஒரு வாய் தண்ணி கொடுங்க, அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன் என்றாராம். "வெயில்ல நிக்கிற மனுஷன் முகத்துல கதவைச் சாத்தச் சொல்றீங்களா? உங்க தாள்ல போட்டபடிதான் செஞ்சேன். ஆறாவது."

ஃபைல் சாருக்கு ஆறாவது விதி மனப்பாடம். தெரிந்தவர்கள் வந்தால் முதலில் அலாரத்தை அணைக்கவும். பிறகே கதவைத் திறக்கவும். அதை எழுதியதற்குக் காரணம் இருந்தது. பொருத்திய முதல் வாரத்தில் மனைவியின் தம்பி வந்தபோது யாரோ அப்படியே கதவைத் திறக்க, அலாரம் ஊளையிட்டு, தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. கூடியவர்கள் அலாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பொண்ணு வந்து ரொம்ப நாளாச்சு போலிருக்கே என்று கேட்டார்கள். அன்று சாயங்காலமே அந்த விதியைச் சேர்த்தார்.

டிரைவர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். "அன்னைக்குச் சும்மா கத்துச்சு, தெருவே ஓடி வந்துச்சு. கத்த வேண்டிய அன்னைக்கு வாயை மூடிக்கிச்சு. கண்ணாடி உடையற சத்தம் கேட்டுத்தான் சார் நான் வந்தேன். தினம் நாலாயிரம் வாட்டி பிரேக் போடற காலு, அதான் பின்னறைக் கதவு ஒரே உதையில திறந்துச்சு." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததால் வாட்சைப் பார்த்துக்கொண்டார்.

"சரி, அலாரம் ஆஃப்ல இருந்தாலும் பொத்தான் வேலை செய்யுமே. அதை ஏன் அழுத்தலை?" என்று மெக்கானிக் மகளைப் பார்த்துக் கேட்டான்.

அவள் வலது கையால் சுவரைக் காட்டினாள். கருவிக்குக் கீழே, பதினொன்றாவது விதிப்படி, ஓர் ஆணியில் சிவப்புப் பொத்தான் அதன் கயிற்றோடு தொங்கியது. காணாமல் போகாதிருக்க எப்போதும் உரிய இடத்தில் மாட்டி வைக்கவும். ஆணிக்கு மேலே சிவப்பு மையில் உரிய இடம் என்றும் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார். பின்னறையிலிருந்து அது பதினெட்டு அடி.

"அது கழுத்துல போட்டுக்கறதுக்கு சார்" என்றான் மெக்கானிக். குறை சொல்கிற குரலில்கூட இல்லை.

பிறகு, கருவியில் பழுதில்லை என்று ஒரு கடிதம் தந்தால் புகாரை முடித்துக்கொள்ளலாம் என்றான். ஃபைல் சாருக்கு அது கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. வெள்ளைத்தாளை எடுத்து விளிம்பு விட்டு மடித்து எழுதத் தொடங்கினார். 'கருவி முறையாக இயங்கியது என அறிகிறோம். வீட்டாரின் கவனக்குறைவே' என்று வந்ததும் பேனா நின்றது.

"யாரோட கவனக்குறைவுன்னு எழுதுவீங்க?" என்றாள் மகள்.

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒரு தாள் வந்தது. அடிபட்ட விதம் என்ற கட்டத்தில், குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பமும் போட்டார். கட்டிலில் கிடந்தவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து அவரிடம் அவள் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

இப்போது கேட்டாள். "எனக்கும் ஒரு தாள் கொடுங்க. கவரும்."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஒற்றைக் கையால் எழுதும்போது தாள் நழுவியது. இரண்டு வரிக்கு ஒரு தரம் நிறுத்தி அதை நேராக்கினாள். ஃபைல் சாரால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. போய், தாளின் மூலையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். அவள் நிமிரவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. தலைகீழாய் வந்த எழுத்துகளை அவர் படித்தார். காவல்துறை மேலதிகாரி அவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று நான்கு. பின்னறை. வழுக்கி விழவில்லை. அவன் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, வேலை பார்க்கும் இடத்தோடு. இன்னொரு பத்தியில் மறுபடியும். மூன்றாவது தடவை அந்தப் பெயர் வந்தபோது அவருடைய விரலுக்கு மிக அருகில் வந்தது. விரலை எடுத்தால் தாள் நழுவும். எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை வேலைக்கு ஆபத்தாயிடுமேடி" என்றாள் முக்காலியிலிருந்து மனைவி, மெதுவாக.

மகள் தாளை மேஜையில் வைத்து முழங்கையால் மடித்தாள். கவருக்குள் திணித்து, மேலே பெறுநர் முகவரி எழுதினாள். "ஒட்டுங்கப்பா" என்றாள். அது அவளால் ஆகாது. அவர் பசை தடவி, நாலு மூலையும் நீவி, தபால்தலையை வலது மேல் மூலையில் கோணாமல் ஒட்டினார். பழக்கத்தில் கவரைத் திருப்பிப் பார்த்தவர், "அனுப்புநர் முகவரி எழுதலையே" என்றார்.

"உள்ளே எழுதியிருக்கேன். இந்த வீட்டு முகவரி இல்ல. வேலை செய்யற பொம்பளைங்க தங்கற விடுதி ஒண்ணு, இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

"எந்த விடுதிம்மா?"

அவள் சொல்ல வாயெடுத்ததுபோல இருந்தது. "வேண்டாம்ப்பா. உங்களுக்குத் தெரிஞ்சா ஃபைல்ல எழுதி வெப்பீங்க. ஃபைலை அம்மா பார்ப்பாங்க. அவன் இளைச்சுப்போய் வந்து நின்னா அம்மா சொல்லிடுவாங்க."

மனைவி அப்போதுதான் எழுந்து உள்ளே போனாள்.

மகள் அறையிலிருந்து பையை எடுத்துவந்தாள். ஜனவரியில் வந்த அதே பை. கவரை ஃபைல் சார் நீட்டிக்கொண்டிருந்தார். நான் இப்போதே போய்ப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் நீட்டினார், தபால் விஷயத்தில் அவரை நம்பாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. அவள் அதை வாங்கிக்கொண்டு, "அண்ணே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரட்டுமா?" என்று டிரைவரிடம் கேட்டாள். டிரைவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். சிவப்புப் பொத்தானை ஆணியிலிருந்து கழற்றிக் கொடுக்கலாமென்று ஃபைல் சாரின் கை பாதி தூரம் போனது. இந்தச் சுவரைத் தாண்டினால் அது வேலை செய்யாது என்று நினைவு வந்து கை திரும்பியது.

மெக்கானிக் முடிக்காத கடிதத்துக்காகக் காத்திருந்தான். கருவி பெண் குரலில், முன்கதவு திறந்திருக்கிறது, முன்கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஃபைல் சார் கதவைச் சாத்தாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருமுனைத் தபால் பெட்டியருகே இருவரும் நின்றார்கள். அவள் கவரின் இடது மூலையை, ஒன்றும் எழுதாத அந்த மூலையை, பற்களால் கடித்துப் பிடித்தாள். வலது கையால் பெட்டியின் தகட்டை மேலே தூக்கினாள். டிரைவர் அவள் வாயிலிருந்து கவரை எடுத்து, முகவரியை ஒரு முறை பார்த்து, உள்ளே போட்டார்.