டேங்கில் மிச்சமிருந்த இனிப்பு

வியாழன் காலை ஏழு பத்துக்கு அக்கா டேங்கில் காது வைத்துக் கேட்டாள்.

"சத்தம் அடங்கிடுச்சு," என்றாள். மூன்று நாள் சளி, மூக்கால் பேசினாள். "உன் பிள்ளைங்க சாப்பிட்டு முடிச்சாச்சு போல."

தம்பி தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அது அக்காவின் சீஸ் பட்டறை. வாரம் இரண்டு தடவை பாலைத் திரிய வைப்பார்கள். சீஸ் கொஞ்சம்தான்; வடிகிற தண்ணீர் டேங்க் நிறைய. போன வருடம்வரை அதை அப்படியே வாய்க்காலில் விட்டார்கள். அதிலிருந்த பால் சர்க்கரை வாய்க்காலைக் கெடுத்தது. வாய்க்கால் முடியும் இடத்தில் ஒருவர் மீன் வளர்த்தார். ஒரு காலையில் எல்லா மீனும் மிதந்தன. அவர் ஒரு வாளி அள்ளிவந்து அக்காவின் வாசலில் வைத்தார். திட்டவில்லை. வாளியைக் கேட்டும் வரவில்லை. அது இன்னும் கதவோரம் இருக்கிறது. யாரும் அதில் தண்ணீர் பிடிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் ஈஸ்ட் வாங்கினார்கள். பால் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும் ஒரு தனி வகை. தின்று முடித்ததும் சாராயத்தைக் காய்ச்சி எடுத்து அனுமதியோடு விற்பார்கள், மிச்சம் வாய்க்காலுக்கு. அக்கா ஒரு விதி வைத்திருந்தாள். டேங்கைத் திறப்பதற்கு முன் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். புளித்தால் திறக்கலாம். இனித்தால் கூடாது.

ஈஸ்டைப் பார்த்துக்கொள்வது தம்பியின் வேலை; அவன் பிள்ளைகள் என்றுதான் அக்கா அதைச் சொல்வாள். ஞாயிறன்று அது மந்தமாகக் கிடந்தது. கதகதப்பு பட்டால் எழும் என்று அது இருந்த குடுவையைப் பாய்லர் குழாய்மேல் வைத்தான். போன் வந்தது. பேசிவிட்டு வந்தபோது கண்ணாடியைத் தொட முடியவில்லை. ஈஸ்ட் வெந்துவிட்டது. அக்காவிடம் சொல்லவில்லை.

புதியது வரப் பத்து நாள் ஆகும். திங்களன்று ரொட்டிக் கடையில் ஈஸ்ட் வாங்கிக் கொட்டினான். அது பால் சர்க்கரையைத் தொடாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் பத்து கிலோ வெள்ளைச் சர்க்கரையும் கொட்டினான். ரொட்டி ஈஸ்ட் அதைத் தின்ன, டேங்க் நுரைத்தது. அக்கா காது வைத்துக் கேட்டுவிட்டு அவன் முதுகில் தட்டினாள்.

இப்போது பால் லாரிக்காரர் வந்து கேன்களை இறக்கினார்.

"பாலை இறக்குறது நான். சாராயத்தை மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்கிறீங்களே, தம்பி."

"காட்டினா உங்க லாரி வாய்க்கால்லதான் நிக்கும்ணே," என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். தம்பியும் சிரிக்கப் பார்த்தான்.

எட்டு மணிக்கு, கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வாளர் அம்மா வந்தார். குடையைக் கதவோரம், அந்த வாளிக்குள், சாய்த்து வைத்தார். மேஜையில் ஒரு தாளை வைத்தார்.

"சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. நான் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போறேன். முடிவு அடுத்த வாரம் வரும்."

"தீரலைன்னா?" தம்பிதான் கேட்டான்.

"இன்னைக்கே சொல்லிட்டா பட்டறை உரிமத்தை ஒரு மாசம் நிறுத்திவைப்போம். தீர்ந்ததா எழுதிட்டு, பாட்டில்ல சர்க்கரை இருந்தா உரிமமே ரத்து. அப்புறம் இங்க ஒரு சொட்டுப் பால் திரிய முடியாது."

"ஒரு மாசம் மூடினாலே எந்திரிக்க முடியாதுங்க," என்றாள் அக்கா. "இவன் வாய்ல நல்ல வார்த்தையே வராது. விடுங்க."

கரண்டியை நனைத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"வெறும் தண்ணி மாதிரி இருக்கு. பாழாப்போன சளி." கரண்டியை அவனிடம் நீட்டினாள். "நீ பாருடா."

அவன் வாங்கி நாக்கில் வைத்தான். மேலே லேசான புளிப்பு. அதற்கடியில் இனிப்பு. திங்கட்கிழமை இருந்த அதே இனிப்பு.

மெதுவாக விழுங்கினான்.

அக்கா பேனா மூடியைக் கழற்றினாள். தாளில் தேதி எழுதினாள். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

"என்னடா முழிக்கிற? உன் நாக்கை நம்பித்தான் போடுறேன். இனிக்குதா, இல்லையா?"