நாலு செத்த கட்டைகள்

எனக்குச் சங்கீதத்தில் பெரிய விருப்பம் கிடையாது. சந்தோசமாக இருப்பவர்களிலும் கிடையாது. கனிசியஸ் அண்ணையிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. என்றாலும் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டு நின்ற அந்த நாலு மாதமும் நான் அவருக்குப் பக்கத்தில்தான் கிடந்தேன். வீட்டு வெக்கையில் எனக்குப் பகலில் நித்திரை வராது. குருநகர்ப் பங்கு மண்டபத்தில் மின்விசிறி இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

கனிசியஸ் அண்ணை கரையில் மீன் கூறுபவர். படகுகள் வந்ததும் மீனைக் குவித்துவைத்து, சுற்றி நிற்கும் வியாபாரிகளுக்கு விலையை ஏற்றி ஏற்றிக் கூறி ஏலத்தில் விற்பார். எங்கள் கரையில் அந்தத் தொழிலுக்கு இரண்டு சட்டங்கள். வாயிலிருந்து விழுந்த விலையைத் திருப்பி எடுக்க முடியாது. நாக்குத் தவறிக் கூறிவிட்டாலும் அங்கிருந்து மேலேதான் போகவேண்டும். மற்றது, நிறுத்தக் கூடாது. இரண்டு மூச்சு நிறுத்தினால் வியாபாரிகள் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள்.

பத்து மணிக்குக் கரை அடங்கிவிடும். அண்ணை சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு மண்டபத்துக்கு வந்து, மூலையில் கிடந்த பழைய பியானோவைத் திறப்பார். அவருக்கு ஒருவரும் பழக்கவில்லை. கைபேசியில் ஜாஸ் வாசிப்பவர்களின் வீடியோவைப் போட்டு, முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்ப்பார். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பார். பிறகு இரண்டையும் மறந்துவிட்டுத் தன்பாட்டில் வாசிப்பார். ஏழு வருசமாக இதே முறைதான்.

அந்தப் பியானோவின் இடது பக்கத்தில் நாலு கட்டைகள் உப்புக் காற்றில் செத்துப்போயிருந்தன. அமத்தினால் இசை வராது, ‘டக்’ என்று மரச்சத்தம் மட்டும் வரும். வேறொருவர் என்றால் அவற்றை விலத்தி வாசித்திருப்பார். அண்ணை அவற்றைத் தேடிப்போய் அடித்தார். அவருக்கு அவைதான் மேளம். வலது கை பட்டம்போல எங்கோ மேலே போய் ஆடும். இடது கை கீழே நின்று டக், டக்-டக் என்று நூலை இழுக்கும். நடுவில் அவர் தானே சிரிப்பார். கூட்டுகிறவர்கள் விளக்குமாற்றை அந்தத் தாளத்துக்கு இழுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஒருமுறை பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு வாசிக்க விட்டார்கள். பழத்தட்டு கொண்டுபோனவர்கள் பீடத்துக்கு ஆடிக்கொண்டே போனார்கள். “கனிசியஸ், நீர் மண்டபத்திலை மட்டும் வாசியும்” என்று பாதர் தன்மையாகச் சொல்லிவிட்டார்.

பிறகு அந்த மண்டபத்தையும் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். பியானோ மாத முடிவில் மன்னாரில் ஒரு மடத்துக்குப் போவதாக இருந்தது. அதற்குப் பிறகு அண்ணைக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது.

“ஒரு கீபோட் வாங்குங்கோவன்” என்றேன்.

“அது ஐஸிலை ஒரு கிழமை கிடந்த மீனடா. பார்க்க மீன்தான்.”

“உந்தப் பியானோ போனா இந்த மனுசன் என்ரை சட்டி பானையிலைதான் வாசிக்கும்” என்றார் அவருடைய மனைவி செபஸ்தியம்மா. “தம்பி, நீ சும்மாதானே படுத்துக் கிடக்கிறாய். எங்கையாவது பியானோ இருக்கோ எண்டு தேடிப் பாரன்.”

தேடினேன். யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு விடுதியின் வரவேற்பறையில் பியானோ இருந்தது, வாசிக்க ஆள் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.

அண்ணை திருநாளுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டார். செபஸ்தியம்மா அவருடைய விரல்களை மணந்து பார்த்து, மீன் மணம் போகத் தேசிக்காய் தேய்த்துவிட்டார். மூவரும் ஓட்டோவில் போனோம். ஒன்றையும் மறக்கவில்லை என்று நினைத்தோம்.

விடுதியின் முகாமையாளர் நிரோஜாவுக்கு முப்பது வயதிருக்கும். கையில் கோப்புடன் நின்றார். “ஐயா, எங்கை படிச்சனீங்கள்?”

“கரையிலை, பிள்ளை.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். அங்கே ஏழெட்டு விருந்தினர் தேநீரோடு இருந்தார்கள். அண்ணை பியானோவைத் திறந்தார். கறுப்பு, பளபளப்பு. என் முகம் அதில் தெரிந்தது. நல்ல காட்சியல்ல.

வலது கை வழக்கம்போல எழும்பியது. இடது கை மேளத்தைத் தேடிக் கீழே போய் அடித்தது. ‘டக்’ வரவில்லை. ‘டோங்’ என்று ஒரு தடித்த சுரம், பாட்டுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல், அறை முழுக்க நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பியானோவில் ஒரு கட்டையும் சாகவில்லை. மூன்று பேரும் விரலுக்குத் தேசிக்காய் தேய்த்தோமே தவிர, இதை ஒருவரும் யோசிக்கவில்லை. நாலு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டதில், பியானோ என்றால் அப்படித்தான் என்று நானே நம்பிவிட்டேன்.

அண்ணையின் மூளை ‘நில்’ என்றிருக்கும். கைக்கு அது கேட்கவில்லை. மறுபடி டோங். மறுபடி டோங்-டோங். ஒரு வெள்ளைக்காரப் பெண் தேநீரைக் கீழே வைத்துவிட்டாள். நிரோஜா கையிலிருந்த கோப்பை மூடினார்.

அண்ணை நிறுத்தினார். ஒரு மூச்சு. செபஸ்தியம்மா என் முழங்கையைப் பிடித்தார். விருந்தினர்கள் கைபேசிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.

இரண்டாவது மூச்சு முடிவதற்குள் அவர் அந்தப் பிழையான கட்டையையே தேடிப்போய், வேண்டுமென்று, பலமாக அடித்தார். அடித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

“விளைமீன்! விளைமீன் ஒரு குவியல்! ஆயிரம்!”

டோங். அங்கிருந்து அடுத்த கட்டை. “ஆயிரத்து நூறு!” டோங். அதற்கும் மேலே. விழுந்த விலையைத் திருப்பி எடுக்க முடியாதே. பிழையான சுரத்திலிருந்து படியேறிப் போனார். இடது கை கூறியது, வலது கை வியாபாரிகளைப் போல மேலே நின்று பேரம் பேசியது, பழித்தது, திரும்பிப் போவதுபோலப் பாசாங்கு செய்து ஓடிவந்தது. கரையின் காலைச் சந்தடி முழுவதும் அந்தக் குளிரூட்டிய அறைக்குள் வந்து இறங்கியது. மேளம் போதாதபோது விரல் மூட்டால் பியானோப் பலகையில் தட்டினார்.

மூலையில் இருந்த, கனடாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் எழும்பிக் கையை உயர்த்தினார். “ஆயிரத்து ஐநூறு!”

“ஐயா ஆயிரத்து ஐநூறு! செவுளைப் பாருங்கோ, செம்பரத்தம்பூ!”

“ஆயிரத்து அறுநூறு!” என்றார் செபஸ்தியம்மா எனக்குப் பக்கத்திலிருந்து.

“உமக்கில்லை. நீர் வீட்டுக்காரி!”

அறை சிரித்தது. வெள்ளைக்காரப் பெண் கால் தட்டினாள். குசினியிலிருந்து ஒரு சமையல்காரர் வந்து, மீன் எங்கே என்று தேடினார். பெரியவருக்கே குவியலை விற்று, கடைசிக் கட்டையில் ஒரு அறை அறைந்து அண்ணை முடித்தார். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை; என் முழங்கை இன்னும் செபஸ்தியம்மாவிடம் இருந்தது.

நிரோஜா வந்தார். “ஐயா, இது என்ன பாட்டு?”

“இண்டைக்கு வலையிலை பட்டது, பிள்ளை.”

“நல்லாயிருக்கு. இதையே அடுத்த கிழமையும் வாசிப்பீங்களோ?”

“அது ஏலாது. அடுத்த கிழமை வேறை மீன்.”

இவருக்கு ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரிந்திருக்கலாம் என்று நினைத்தேன். நிரோஜா கோப்பைப் பார்த்தார். பிறகு கனடாப் பெரியவரைப் பார்த்தார். அவர் பரிசாரகரைக் கூப்பிட்டு, தான் வாங்கிய மீனைப் பொரித்துக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சரி. வெள்ளியும் சனியும் பின்னேரத்திலை வாங்கோ. ஆனா பலகையிலை தட்டக்கூடாது. வார்னிஷ் போயிடும்.”

“ஓம் பிள்ளை. அப்ப ஒரு உதவி. இடப்பக்கத்திலை ஒரேயொரு கட்டையைச் சாகடிச்சுத் தருவியளோ?”

“ஐயா!”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

அவர் சும்மா கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

திரும்பும்போது ஓட்டோவில் நான் நடுவில் இருந்தேன். பஸ் நிலையத்தடி நெரிசலைத் தாண்டுவதற்குள் அண்ணையின் இடது கை என் தொடையில் வேலையைத் தொடங்கிவிட்டது. டக், டக்-டக்.

“அண்ணை, நோகுது.”

“காலை அங்காலை எடு.”

“எங்கை எடுக்கிறது? இடமில்லை.”

“அப்ப ஆடாமல் இரு.”

செபஸ்தியம்மா குனிந்து என் காலைப் பார்த்தார். “விடு தம்பி. நாலு மாசத்துக்குப் பிறகு உனக்கும் ஒரு வேலை கிடைச்சிருக்கு” என்றார்.

குருநகர் வரும்வரை ஆடாமல் இருந்தேன்.