கூடாரம் ஏறிய பிக்கப்

மூன்று கோடையாக மார்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்க் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்பட்ட யூட்டா பாலைவனம் பக்கத்திலேயே கிடக்கிறது. புருஷன் டுவைட் பழைய பிக்கப் வண்டியை விட்டு எழுந்தபாடில்லை. ஸ்பிரிங் மாற்றி உயர்த்தினான், பெரிய டயர் போட்டான், நேற்று கூரையில் கூடாரத்தையும் பூட்டினான்.

இன்று காலை வண்டியைப் பின்னால் எடுத்ததும் கூடாரம் ஷெட் வாசலின் மேல்சட்டத்தில் டங்கென்று இடித்தது.

"ஒரு அங்குலம் இடிக்குது. ஸ்பிரிங்க மறுபடி எறக்கணும். அடுத்த வருஷம் போலாம் மார்லா," என்று ஸ்பானரைத் தேடினான்.

மார்லா குனிந்து நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"மணல்ல ஓட்ட எப்படியும் காத்த எறக்கத்தான போற? இங்கயே எறக்கிட்டேன். வெளிய வந்து நெரப்பிக்க. அதுக்கும் ஒரு பம்பு மாட்டித்தான வெச்சிருக்க!"

தணிந்த வண்டியை அவளே வெளியே எடுத்தாள். அவன் ஸ்பானரும் கையுமாக ஓடிவந்து வண்டிக் கதவைத் திறந்தான்.

"அந்த ஸ்பானர அங்கயே போட்டுட்டு ஏறு."