கடலைக்குப் போட்ட கந்தகம்

மகள் ஈரத்துணியால் அப்பாவின் கால்விரல் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கந்தகத் தூளின் மஞ்சள் போக மறுத்தது. மூட்டையில் மிஞ்சியதைத் தூவுவதற்காகக் காலையில் கடலைக்காட்டுக்குப் போனவர், வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

வாசலில் பெரியப்பாவின் குரல் ஓயவில்லை.

"சொல்பேச்சு கேட்டாத்தானே? எந்த உரம் போடணும்னு தெரியாம, மஞ்சப்பொடியைக் கொட்டிட்டு உக்காந்தான். கடலை தேறல. அந்தக் கவலையே ஆளைத் தின்னுடுச்சு."

பக்கத்து நாற்காலியிலிருந்த உரக்கடைக்காரர் தலையாட்டினார். "நான் ஜிப்சம் போடச் சொன்னேங்க. அவருதான் பிடிவாதமா இதை வாங்கினாரு."

அவள் கை நின்றது. அன்று கடையில் அப்பாவோடு அவளும் நின்றிருந்தாள். துளிர் இலைகள்தான் வெளுக்கின்றன, கந்தகச் சத்துக் குறைவு, ஜிப்சம் கொடுங்கள் என்று அப்பா கேட்டார். "தீந்துபோச்சு. இதுவும் கந்தகம்தான், எல்லாம் ஒண்ணுதான்" என்று மஞ்சள் மூட்டையைத் தள்ளிவிட்டவர் இவரேதான். அப்பா தயங்கினார், பிறகு நம்பினார்.

ஜிப்சத்தில் இருக்கும் கந்தகம் மண் ஈரத்தில் கரைந்து சீக்கிரமே வேருக்குப் போய்விடும். இந்தத் தூளோ மண்ணில் கிடந்து, நுண்ணுயிர்கள் மாற்றித் தந்தால்தான் வேர் உறிஞ்சும். விதைப்புக்கு முன்பே போட வேண்டியது. பூத்து நிற்கும் செடிக்கு இதைப் போடுவது, பசித்து அழும் பிள்ளைக்கு முன்னால் நெல் விதைத்துக் காட்டுவது போல.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னது யாருங்க? செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லமாட்டாருங்கிற தைரியமா?"

"சாவு வீட்ல என்னடி பேச்சு?" என்று சீறினார் பெரியப்பா.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு. நீங்க சோறு அள்ளிக் குடுக்கிறீங்க, பெரியப்பா!"

உரக்கடைக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"வெயில்ல வந்திருக்காரு. தண்ணி குடும்மா."

"இவருக்கா?"

"நடந்தது சாமிக்குத் தெரியும். தாகத்தோட வந்தவங்களை உங்கப்பா வெறுமனே அனுப்பினதில்ல. குடு."

அவள் தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். அவர் வாங்கி உதடுவரை கொண்டுபோனார். குடிக்காமல் இறக்கினார்.

"அவரு ஜிப்சம்தாங்க கேட்டாரு" என்றார், யாரையும் பாராமல். "எங்கிட்ட இல்ல. நான்தான் இதைத் தலையில கட்டினேன்."

பெரியப்பா தன் நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அப்பாவை எடுத்துப்போக வண்டி வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். நிறைந்த தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் அவளிடமே நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"குடிச்சிட்டுக் குடுங்க" என்றாள்.

அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.