வோல்கா கருவாடு

சுரேஷ்குமார் சாரின் ரஷ்யாவில் எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும். அவர் படித்தது யாகூத்ஸ்க் நகரத்தில். செங்கம் சாலையில் ஒரு தையல் கடைக்கு மேலே அவர் நடத்தும் ரஷ்ய மொழி மாலை வகுப்பில், விசிறிக்கு அடியில் வியர்த்தபடி நாங்கள் குளிரைப் பற்றியே படித்தோம். அங்கே வண்டியை அணைத்தால் மறுபடி கிளம்பாது. உறைந்த ஆற்றின் மேல் லாரி போகும். சந்தையில் மீன்களை விறகு மாதிரி நிற்க வைத்து விற்பார்கள். நான் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன்.

பகலில் எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. அதை விட்டு வெளியே வர ஒரு வழி கிடைத்தது. ரமணாசிரமம் பக்கம் விடுதி நடத்தும் பாஞ்சாலை அக்காவுக்கு ரஷ்ய மொழி பேச ஆள் தேவைப்பட்டது. ஸோயா என்று ஒரு அம்மா தனியாக வருகிறார், அவரை வைத்துப் பார்ப்போம் என்றார்.

“அவங்க சந்தோஷமா போனா வேலை உனக்கு, எழில். மூஞ்சி தூக்கினு போனாங்கன்னா, நீ ஜெராக்ஸே எடு.”

குளிர் நாட்டுக்காரர் வெயிலில் வாடிவிடக் கூடாது என்று, அறையின் ஏசியைப் பதினாறில் வைத்தேன். ஸோயா வந்ததும் லேனா நதி, பனிச்சாலை, விறகு மீன் எல்லாவற்றையும் வரிசைப்படி ஒப்பித்தேன். அறுபது வயதிருக்கும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டிலில் உட்கார்ந்து, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், ஏசியை அணைக்க முடியுமா என்று கேட்டார்.

அவர் ஊர் அஸ்த்ரகான். வோல்கா நதி காஸ்பியன் கடலில் கலக்கும் இடம். கோடையில் நாற்பது டிகிரி. வயல் வயலாகத் தர்பூசணி. ஆற்றின் கிளைகளில் தாமரை பூக்கும், ஊருக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகம் மேயும். யாகூத்ஸ்க்கை அவர் பார்த்ததே இல்லை. அங்கே போவதைவிட இந்தியா வருவது பக்கம் என்றார். இங்கே வருபவர்கள் என்னிடம் தாஜ்மகாலைப் பற்றிக் கேட்கும்போது நான் எப்படி விழிப்பேனோ, அப்படித்தான் அவரும் விழித்திருக்க வேண்டும். என் தயாரிப்பு மொத்தமும் வேறு யாருக்கோ ஆனது.

மறுநாள் காலையில் பாஞ்சாலை அக்கா படிக்கட்டில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“மேல கருவாட்டு நாத்தம் அடிக்குது. சைவம் மட்டும்னு வாசல்ல எவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்கேன். தூக்கிப் போடச் சொல்லு.”

மேலே போனேன். மாடிக் கம்பியில், மலையைப் பார்த்தபடி, வெள்ளி வெள்ளியாக மீன்கள் நூலில் தொங்கின. நம் ஊர் ஈரக்காற்றில் நமத்துவிட்டதாம், அதனால் காயப் போட்டிருக்கிறார். வோப்லா என்று பெயர். வசந்த காலத்தில் இந்த மீன் கூட்டமாக ஆற்றில் ஏறும்போது பாதி ஊர் தூண்டிலோடு கரையில்தான் நிற்குமாம். இதைத் தானே பிடித்து, தானே உப்புப் போட்டு, மொழிபெயர்க்க வரும் பெண்ணுக்குப் பரிசாகக் கொண்டு வந்திருக்கிறார்.

பரிசைத் தூக்கிப் போடச் சொல்லும் ரஷ்ய வார்த்தை எனக்குத் தெரியவில்லை. தமிழில் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். இதை எங்கள் வீட்டிலேயே சாப்பிடலாம், வாருங்கள் என்றேன். வேறு வழி தோன்றவில்லை.

மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டியும் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்சீட்டு அம்மாள் என் தோளைத் தட்டினார்.

“எங்க வாங்கின இது?”

“வோல்காவுல பிடிச்சதுங்க.”

“அது எங்க, பாண்டிச்சேரி தாண்டியா?”

“தாண்டித்தாங்க.”

“அதான் வாசன ஜாஸ்தியா இருக்கு,” என்று அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

வீட்டில் அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் புளியைக் கரைத்தாள். ஸோயா ஒரு மீனை எடுத்து அம்மிக்கல்லில் நாலு அடி அடித்து, தோலை உரித்து, அப்படியே மென்று காட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள்.

“வேவாமயா?”

கத்தரிக்காயோடு தன் மீன் கொதிப்பதைப் பார்த்தபோது ஸோயாவின் முகமும் அதே மாதிரிதான் போனது. வோப்லாவை யாராவது வேக வைப்பார்களா? பிறகு சோற்றில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். தட்டை நீட்டினார்.

சாப்பிட்ட பின் எங்கள் மணிலாக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே நடந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்து, தர்பூசணி வரும் என்றார். மகன் வடக்கே எண்ணெய் வயலில் வேலை செய்கிறானாம். ஒரே நாட்டுக்குள்தான், ஆனாலும் ரயிலில் நாட்கணக்கில் போக வேண்டும். அதனால் இரண்டு ஆண்டாகப் பார்க்கவில்லை. அதை என்னிடமில்லை, அம்மாவிடம் சொன்னார், ரஷ்ய மொழியிலேயே. நான் மொழிபெயர்ப்பதற்குள் அம்மா தலையசைத்துவிட்டாள்.

மாலையில் விடுதிக்குத் திரும்பியதும் பாஞ்சாலை அக்கா என்னைப் பார்க்காமல் அவரிடமே, எல்லாம் சௌகரியமா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் ஸோயா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“என்ன சொல்றாங்க?”

அக்காவுக்கு ரஷ்ய மொழி தெரியாது. அறை அருமை என்று சொல்லியிருக்கலாம். ஸோயாவின் கை என் தோளில் இருந்தது. உள்ளதையே சொன்னேன்.

“ரூமை காலி பண்றாங்களாம்கா. மீதி நாளுக்கு எங்க வீட்ல தங்கிக்கறாங்களாம்.”

“ஏன், இங்க என்ன கம்மி?”

“கருவாட்டுக் குழம்பு.”

பாஞ்சாலை அக்கா வாசல் பலகையைப் பார்த்தார். பிறகு பின்பக்கம், தன் சொந்த வீடு இருக்கும் திசையைப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“பின்னாடி என் வீட்டு சமையக்கட்டுல போர்டு கிடையாது. மீனு அங்க இருக்கட்டும், அங்கயே சாப்டுக்கலாம். இருக்கச் சொல்லு.”

சொன்னேன். ஸோயா யோசித்து, குழம்பு யார் வைப்பது என்று கேட்டார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

“உங்கம்மா எப்டி வெச்சாங்கன்னு கேட்டுனு காலைல வா. நான் வெக்கறேன்,” என்றார் அக்கா. “ஜெராக்ஸ் கடைல சொல்லிட்டு வந்துரு.”

ஸோயாவிடம் திரும்பினேன். இந்த அக்காவே வைப்பார், ஆனால் எங்கள் வீட்டுச் சுவை வருமா என்று நான் உறுதி சொல்ல முடியாது என்றேன். ஸோயா மீதி மீன் இருந்த பையை மாடிக்குக் கொண்டுபோகாமல், பாஞ்சாலை அக்காவின் கையில் கொடுத்தார்.