ஜன்னலோர மரத்தின் கார்பன்

மரத்தில் துளை போட்டு, பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவி எடுப்பது அவள் வேலை. அதனால் வீட்டில் அவளுக்கு மரங்கொத்தி என்று பெயர். வைத்தவர் மாமா, அக்காவின் கணவர்; அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி.

மரத்தின் ஒவ்வொரு வளையமும் அது வளர்ந்த வருடத்துக் காற்றின் கார்பனைப் பிடித்து வைத்திருக்கும். நிலையம் இருக்கும் திசையில், ஊர் எல்லையில் எடுத்த குச்சியில் ஒரே ஒரு வளையத்தில் மட்டும், அணு உலையிலிருந்து கசியக்கூடிய கதிரியக்கக் கார்பனான ரேடியோகார்பன் எக்கச்சக்கமாக இருந்தது. எந்த வருடம் என்று வளையங்களை எண்ணிப் பார்த்தாள். அந்த வருடம்தான் மாமா, கைக்குழந்தையோடு இருந்த அக்காவைக் காரணம் சொல்லாமல் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அதன்பிறகு அவர் வாயைத் திறந்தாலே சந்தேகம்தான். சாப்பிடும்போது, "இன்னும் எத்தனை மரத்தைக் குடையப் போறே?" என்று சிரித்தபடி கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று யோசித்தபடி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அக்காவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தாள். என் புருஷனையே வேவு பார்க்கிறாயா என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நிலையத்துக்குப் போகும் சாலையோர மரங்களைத் துளைத்தாள். கசிவு அங்கிருந்து என்றால், கிட்டப் போகப் போக அந்த வருட வளையத்தில் அளவு ஏற வேண்டும், இறங்கியது. ஊருக்குள் திரும்பினாள், ஏறியது. எல்லாவற்றையும்விட அதிகம், அவளுடைய ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தில். அதன் பின்னால் அதே நிறுவனத்தின் மருந்து ஆராய்ச்சிப் பிரிவின் எரியுலை. ரேடியோகார்பன் கலந்து சோதித்த மருந்துக் கழிவை அதில் எரிக்கக் கூடாது என்பது விதி; அந்த வருடம் எரித்திருக்கிறார்கள்.

நிறுவன இயக்குநரிடம் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "குச்சியெல்லாம் என் ரூம்ல வெச்சிட்டுப் போங்க, பத்திரமா இருக்கும்" என்றார்.

பாதியை மட்டும் வைத்தாள். மீதியோடு மாமாவிடம் வந்து, அன்றைக்கு அக்காவை ஏன் அனுப்பினார் என்று நேராகக் கேட்டாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எங்க கருவி அப்போ கொஞ்சம் ஏத்திக் காட்டுச்சும்மா. எங்க தேடியும் கசிவு இல்ல. எங்காளுங்களே மறைக்கிறாங்களோன்னு பயந்துட்டேன். உங்க அக்காகிட்ட எப்படிச் சொல்றது?"

மறுநாள் இருவரும் குச்சிகளைக் கதிர்வீச்சுக் கண்காணிப்பு ஆணையத்தில் ஒப்படைத்தார்கள். ஆய்வாளர்கள் வருவதற்குள் ஜன்னலோர மரம் வெட்டப்பட்டிருந்தது. கிளை ஒயரில் உரசியதாம். இயக்குநர் அறையில் வைத்த பாதியைக் காணோம். இருந்த பாதியே எரியுலைக்குச் சீல் வைக்கப் போதுமானதாக இருந்தது.

மாமா இப்போது எங்கே போகச் சொன்னாலும், அக்கா ஏன் என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் செருப்பை மாட்டுகிறாள்.