கம்மியும் ஜாஸ்தியும்

பௌர்ணமிக்குச் சன்னதித் தெருக் கடைக்கு அனுப்பிய வறுகடலைப் பாக்கெட்டுகள் திரும்பி வந்துவிட்டன. ஐந்நூறு கிராம் என்று அச்சடித்த பாக்கெட்டில் நானூற்றெழுபதுதான் இருந்தது. எடை பார்த்து, தவறியதை ஓரமாகத் தள்ளும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவள் எழில். அதனால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று முதலாளி வர்த்தமானன் முடிவு கட்டிவிட்டார்.

"மெஷின் தள்ளுறதத்தான் நான் எடுக்கணும். அது ஒண்ணையும் தள்ளலீங்க" என்றாள் எழில்.

"மெஷின் மேல பழி போடாத" என்றான் கலையரசன். அதற்குக் கட்டளை எழுதியவன் அவன். "கம்மியா இருந்தாலும் ஜாஸ்தியா இருந்தாலும் தள்ளணும்னு மொதலாளி சொன்னாரு. அப்படியேதான் போட்டிருக்கேன்."

எழில் திரையைப் பார்த்தாள். 495-க்குக் கீழே. 505-க்கு மேலே. நடுவில் 'ஆண்ட்', அதாவது 'மற்றும்'.

கல்லூரியைப் பாதியில் விட்டவள் அவள். அதற்காக அழுததில்லை. கணக்கு மட்டும் கூடவே வந்துவிட்டது. அட்டைப்பெட்டியின் மேல் எழுதினாள்: |x − 500| > 5.

"இன்னாம்மா ரெண்டு கோடு?" என்றார் முதலாளி.

"மட்டு மதிப்புங்க. ஐந்நூறுலேர்ந்து எந்தப் பக்கம் வெலகினாலும் சரி, எவ்ளோ வெலகுச்சுங்கிறதுதான் கணக்கு. அஞ்சு கிராமத் தாண்டினா தள்ளணும்."

"மொதல்ல மட்டு மரியாதை கத்துக்க" என்றான் கலையரசன்.

அவள் திரும்பவில்லை. கீழே எழுதினாள்: x < 495 அல்லது x > 505.

"சார் 'மற்றும்' போட்டிருக்காரு. ஒரே பாக்கெட்டு கம்மியாவும் இருக்கணும், ஜாஸ்தியாவும் இருக்கணும். அப்படி ஒண்ணு எடுத்துக்கினு வரச் சொல்லுங்க, நானே போயிடறேன்."

"இருந்தாலும், இருந்தாலும்னு ரெண்டு 'உம்' சொன்னாரே!"

"பேச்சுல அது 'அல்லது'தான் சார். பஸ்ஸு வந்தாலும் வேன் வந்தாலும் ஏறுன்னா, ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் நிப்பீங்களா?"

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, திரும்பி வந்த பாக்கெட்டை ஓடும் பெல்ட்டில் வைத்தார். நானூற்றெழுபது. இயந்திரம் அதை நேராக விட்டது. இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கைப்பிடி கடலை போட்டு ஐந்நூற்று நாற்பதாக்கி வைத்தார். அதையும் விட்டது.

"மாத்துடா."

கலையரசன் 'அல்லது' என்று மாற்றினான். இந்த முறை இரண்டும் ஓரமாகத் தள்ளப்பட்டன. பின்னால் வந்த ஐந்நூற்றிரண்டு கிராம் பாக்கெட் மட்டும் நேராகப் போயிற்று.

"சரி, போய் வேலையப் பாரு" என்றார் முதலாளி. மன்னிப்பை எழில் எதிர்பார்க்கவும் இல்லை.

"காலைலேர்ந்து வண்டியில ஏத்தினது முப்பது பெட்டிங்க. அதையும் மறுபடி எடை போடணும்."

முதல் பெட்டியைக் கலையரசன் இறக்கினான்.